போன வாரத்து மண்சரிவு

அதிகம் பேசாதவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. எப்போதாவது ஒரு தடவை வாயைத் திறந்து கத்தினால் எல்லோரும் அப்படியே நம்பிவிடுவார்கள். நாள் முழுக்கக் கத்துகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே வரிசையாக ஒட்டி நிற்கிற வீடுகளில், பக்கத்துக் காம்பராவில் இருக்கிற பாக்கியம் அடுப்பு மூட்டுவதிலிருந்து பாய் விரிப்பது வரைக்கும் கத்திக்கொண்டுதான் இருப்பாள். அவள் பாம்பு என்று கத்தினாலும் லயத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். (பாம்பு வேண்டுமானால் திரும்பிப் பார்க்கும்.) நான் அந்த ரகம் இல்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் எனக்குப் பின்னால் வந்தவள் முன்னால் போய் நின்றாலும், கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்கிறவள். பென்சன் வாங்கிய பிறகும் அப்படியேதான்.

அப்படிப்பட்ட நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கத்தினேன். எங்கள் கடைக்குட்டி சுகந்தியைப் பெண் பார்க்க மடுல்சீமையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்த காலையில்.

இதற்கெல்லாம் காரணம் ஒரு பெட்டி.

கொழும்பில் ஓட்டல் வேலை பார்க்கிற எங்கள் மூத்தவன் சேகர், ஒரு தீபாவளிக்கு வந்தபோது பழைய டிஷ் பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதியது ஒன்றைப் பூட்டினான். பழைய பெட்டி படம் காட்டும், அவ்வளவுதான். புதுப்பெட்டி காட்டுகிற படத்தைப் பிடித்தும் வைக்கும். பிறகு நமக்கு நேரம் கிடைக்கிறபோது திரும்பப் போட்டுக் காட்டும். சேகர் அதை அவன் அப்பாவுக்குத்தான் சொல்லிக்கொடுத்தான். எங்கள் வீட்டுக்காரர் ரிமோட்டைக் கையில் வாங்கி, "ம், ம், வெளங்குது" என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவன் பஸ் ஏறியதும் ரிமோட்டைத் துணியில் சுற்றிச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நான் அடுப்படிக் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போகும்போது சேகர் ஒரு காரியம் செய்தான். என்னுடைய நாடகத்தை ஒவ்வொரு நாளும் தானாகப் பிடித்து வைக்கும்படி பெட்டிக்குச் சொல்லிவிட்டுப் போனான். நாடக நேரம் வந்தால் பெட்டியின் முகத்தில் ஒரு சிவப்புப் பொட்டு எரியும். நான் விறகுக்குப் போயிருந்தாலும், பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாலும், அந்தப் பொட்டு தன் பாட்டில் வேலையைப் பார்க்கும். எங்கள் வீட்டில் சொன்ன வேலையைச் சொன்ன நேரத்துக்குச் செய்த முதல் ஆள் அதுதான்.

நாடகம் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஆனால் பெட்டிமேல் எனக்கு ஆசை வந்தது நாடகத்தால் இல்லை.

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். எழுத்து தெரியும். ஆனால் ஒவ்வொன்றாகத்தான் தெரியும். அரிசிப் பையில் இருக்கிற எழுத்து, மருந்துப் போத்தலில் இருக்கிற எழுத்து எல்லாம் நல்ல எழுத்துகள். நான் கூட்டிப் படித்து முடிக்கிறவரை அசையாமல் நிற்கும். டீவியில் அடியில் ஓடுகிற எழுத்து இருக்கிறதே, அது மோசம். நான் 'கொ' என்று தொடங்குவதற்குள் 'ழும்பு' மறுபக்கத்தால் இறங்கிப் போயிருக்கும். என்ன ஓடுகிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்டால், "ஒண்ணுமில்ல" என்பார். ஒன்றுமில்லாததையா இத்தனை வருஷமாக இவ்வளவு அவசரமாக ஓட்டுகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது.

ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லாதபோது, ரிமோட்டைத் துணியிலிருந்து எடுத்து, இரண்டு கோடு பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற பொத்தானை அழுத்தினேன். நாடகத்தில் அழுதுகொண்டிருந்த மருமகள் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டாள். அவளுக்கு அடியில் எழுத்தும் நின்றது.

நான் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து, விரலை வைத்துப் படித்தேன். பச்சை மிளகாய் விலை ஏறியிருக்கிறது என்று இருந்தது. (அது எனக்கு முதலே தெரியும்.) ஆனாலும் டீவி சொன்னதை யாரையும் கேட்காமல் நானாகப் படித்து முடித்தபோது, ஏதோ மலை உச்சிக்கு ஏறி வந்ததுபோல நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. அன்றிலிருந்து அந்த மருமகளைப் பாவம் என்றும் பார்க்காமல் அழ அழ நிறுத்தி வைத்துவிட்டு, எங்கேயோ பாலம் திறந்த செய்தி, எங்கேயோ யானை ஊருக்குள் வந்த செய்தி என்று ஒன்று விடாமல் படித்தேன். நாடகத்தில் யார் யாருக்கு என்ன முறை என்றுகூட மறந்துபோனது.

இங்கேதான் என் மூளை ஒரு வேலை செய்தது. பிடித்து வைத்த நாடகம் பழையது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அடியில் ஓடுகிற எழுத்து நாடகத்தோடு சேர்ந்தது இல்லையே. அந்த மருமகளுக்கும் பச்சை மிளகாய்க்கும் என்ன சம்பந்தம்? அதனால் கதைதான் பழசு, எழுத்து அன்றன்றைக்கு வானத்திலிருந்து டிஷ்ஷில் வந்து இறங்குகிறது என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு தடவை, நாளைக்கு எங்கள் பக்கம் கரண்ட் இருக்காது என்று படித்துவிட்டு, குப்பி விளக்குக்கெல்லாம் எண்ணெய் ஊற்றி வைத்தேன். மறுநாள் கரண்ட் போகவேயில்லை. மனமிரங்கி விட்டுவிட்டார்களாக்கும், நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி மழைக்கு வருகிறேன்.

எங்கள் தோட்டம் நமுனுகுல மலைக்குக் கீழே. தலைக்கு மேலே மலை, நடுவில் லயம், காலுக்குக் கீழே பள்ளம். அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. மண்சரிவு வரலாம் என்று, நாங்கள் ஜி.எஸ். ஐயா என்று கூப்பிடுகிற கிராம சேவகர் குடை பிடித்துக்கொண்டு நேரில் வந்து சொன்னார். அப்போது எல்லோரும் எதிர்மேட்டில் பாறைமேல் கட்டியிருக்கிற தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தங்கினோம். அங்கே எல்லாம் பொதுச் சமையல். யார் எந்த வீடு என்ற பேச்சில்லை. வந்தவர்கள் வரிசையாக உட்காரவேண்டும், பாக்கியம் வாளியோடு வந்து உட்கார்ந்த வரிசைக்குச் சோறு வைத்துக்கொண்டே போவாள். வேண்டாம் என்றால் திட்டுவாள்.

மழை விட்டு நாங்கள் திரும்பும்போது கிராம சேவகர் ஒன்று சொன்னார். "வெயில் அடிக்குதுன்னு நம்பிறாதீங்க. மண்ணுக்குள்ள தண்ணி இன்னும் நிக்கும்." எல்லோரும் கேட்டார்கள். நான் மனப்பாடம் செய்தேன்.

நல்லவேளையாக மலை அசையவில்லை. கரண்டும் போகவில்லை. நாங்கள் பள்ளிக்கூடத்தில் கிடந்த நாளெல்லாம், பூட்டிய வீட்டுக்குள் அந்தச் சிவப்புப் பொட்டு தனியாக எரிந்து எரிந்து தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

அந்த மழையால்தான் பெண் பார்க்கிற நாளும் ஒரு வாரம் தள்ளிப்போனது. சுகந்தி பதுளை டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள். எதிரே இருக்கிற மருந்துக்கடையில் ரவி. அவளுக்கு அடிக்கடி தலைவலி வந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. நாங்களும் பையனுடைய அப்பாவும் சரி என்று சொல்லியாயிற்று. மீதி இருந்தது ரவியின் அம்மா. பிள்ளை தானாகப் பார்த்த பெண் என்பதால் அந்த அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. 'வந்து பார்க்கிறோம், சாப்பாடு ஏற்பாடெல்லாம் வேண்டாம்' என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அதற்கு அர்த்தம் எங்களுக்குத் தெரியும். சம்பந்தம் முடிவாகாத வீட்டில் எங்கள் சனங்கள் கை நனைக்கமாட்டார்கள். தேத்தண்ணீர் குடிக்கலாம். சோற்றில் கை வைத்தால் சம்மதம் என்று ஆகிவிடும். வேண்டாம் என்று முதலே சொல்கிறார் என்றால், வேண்டாம் என்று சொல்வதற்கே வருகிறார் என்றுதான் பாக்கியம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து விளக்கம் சொன்னாள்.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்த சுகந்தி, நான் பாத்திரம் விளக்குகிற இடத்தில் வந்து பக்கத்தில் குந்தினாள். "அம்மா, அவங்களுக்கு மட்டும் புடிச்சிரணும். அவங்க வேணாம்னு சொல்லிட்டா ரவி மீறமாட்டாரு. அப்புறம் நான் யாரையும் பாக்கச் சொல்லமாட்டேன்" என்றாள். விளக்கி முடித்த பாத்திரத்தையே எடுத்துத் திரும்ப விளக்கிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. கண் கூசுகிற வெயில். சாப்பாடு வேண்டாம் என்று சொல்லியும் வீட்டுக்காரர் கேட்கவில்லை. மனசு மாறினால் அந்த நேரம் கோழியைத் துரத்திக்கொண்டா திரிவது என்று கேட்டார். பாக்கியம்தான் சமையல் தலைமை. பெரிய குண்டானில் சோறு, கோழிக்கறி, பருப்பு, பாயாசம். லயமே எங்கள் வாசலில் நின்றது. நான் கைக்கு எட்டியதையெல்லாம் தட்டிவிட்டுக்கொண்டிருந்ததால், உள்ளே போய் உட்கார்ந்து பூண்டு உரிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கும் அதுதான் வசதி. வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து 'வாங்க' என்று சொல்லவேண்டுமே என்று முதல் நாளிலிருந்தே அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதற்றம் குறையட்டும் என்று சத்தத்தைக் குறைத்து வைத்து டீவியைப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் தங்கியதால் விட்டுப்போன நாடகங்கள் வரிசையாக இருந்தன. ஒன்றை ஓடவிட்டுப் பூண்டை உரித்தேன். கொஞ்ச நேரத்தில் அடியில் ஒரு சிவப்புப் பட்டை வந்தது. அதில் வெள்ளை எழுத்து ஓடியது. வழக்கம்போல இரண்டு கோட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

'ப', 'து', 'ளை'. எங்கள் ஊரை டீவியில் பார்த்ததில் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு 'மண்சரிவு' வந்தது. கொஞ்சம் ஓடவிட்டேன், நிறுத்தினேன். 'மலைச்சரிவில் வசிப்போர்' என்று வந்தது. திரும்ப ஓடவிட்டு நிறுத்தினேன். 'உடனடியாக வெளியேறவும்.'

வெளியே வெயில். மண்ணுக்குள் தண்ணீர் நிற்கும் என்று சொன்னது காதில் கேட்டது. எழுந்தேன். பூண்டுச் சுளகைக் கையில் வைத்தபடியே முன்வாசல் இஸ்தோப்புக்கு வந்து, என் வாழ்க்கையில் அதுவரை சேர்த்து வைத்திருந்த சத்தத்தையெல்லாம் ஒன்றாக எடுத்துக் கத்தினேன்.

"மல வருது. எல்லாரும் ஓடுங்க."

பாக்கியத்தின் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. மலை வருகிறதே என்று இல்லை, நான் கத்திவிட்டேனே என்று. "அக்காவே கத்துது" என்றாள். அவ்வளவுதான், லயம் கலைந்தது.

வீட்டுக்காரர் மட்டும் உள்ளே ஓடிப்போய் டீவியைப் பார்த்தார். நான் நிறுத்தி வைத்த எழுத்து சிவப்புப் பட்டையில் அசையாமல் நின்றது. எழுத்துக் கூட்டத் தெரிந்த மனிதர், அவரும் படித்தார். 'உடனடியாக வெளியேறவும்' என்று கண் முன்னால் நிற்கும்போது வேறென்ன சாட்சி வேண்டும்? எங்கள் லயத்தில் போனுக்குச் சிக்னல் கிடைக்காது, பள்ளிக்கூடப் பாறைக்குப் போனால்தான் கிடைக்கும். அதனால் தோட்டத்துச் சங்கத் தலைவரும், "மொதல்ல ஏறுங்க, அங்க போய்ப் பேசிக்குவோம்" என்று சொல்லிவிட்டார்.

உயிருக்குப் பயந்து ஓடும்போது மனிதர்கள் எதைத் தூக்குவார்கள் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பாக்கியம் சோற்றுக் குண்டானைத் தூக்கினாள். அவள் புருசன் கோழிக்கறிச் சட்டியைத் தூக்கினார். சுகந்தி பட்டுச்சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் பாயாசமுமாக ஓடினாள். எங்கள் வீட்டுக்காரர் வீட்டுப் பத்திரங்களைத் தூக்கவில்லை, சாமிப் படத்தைத் தூக்கவில்லை, என்னையும் கூப்பிடவில்லை. டிஷ் பெட்டியைப் பிடுங்கி, வயர்கள் பின்னால் வால் மாதிரி இழுபட, மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார். (இன்று கேட்டால், அது சேகர் வாங்கிக்கொடுத்தது என்பார். என்னை அவருக்கு யாரும் வாங்கிக்கொடுக்கவில்லை.) நான் பூண்டைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏன் என்று எனக்கே தெரியாது.

அந்த அமளியில் பெண் பார்க்க வருகிறவர்களை எல்லோரும் மறந்துவிட்டோம்.

அவர்கள் சரியான நேரத்துக்கு வந்திருக்கிறார்கள். வேனைக் கீழே நிறுத்திவிட்டு லயத்துக்கு ஏறி வந்தால், வாசலில் கோலம், இஸ்தோப்பில் நாற்காலிகள், தட்டில் வெற்றிலை பாக்கு, அடுப்பில் புகை. ஒரு மனிதர் இல்லை. ஆட்டை அவிழ்க்கத் திரும்பி வந்த ஒரு கிழவர்தான் அவர்களைப் பார்த்து, "இன்னும் இங்க நின்னு என்னா பாக்குறீங்க, மல வருது, ஸ்கூலுக்கு ஓடுங்க" என்று விரட்டியிருக்கிறார். மடுல்சீமைக்காரர்களுக்கு மலையைப் பற்றிச் சொல்லித் தரவேண்டியதில்லை. அவர்களும் ஓடினார்கள்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் சனங்கள் போன வாரப் பழக்கத்தில் வரிசையாகச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்கள். பாக்கியம் அதே பழக்கத்தில் சோற்றைப் பரிமாறத் தொடங்கிவிட்டாள். மலை வந்தால் அடுத்த சாப்பாடு எப்போதோ என்பது அவள் கணக்கு. அப்போதுதான் வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு அம்மா, ஒரு ஐயா, ஒரு இளந்தாரி வந்து நின்றார்கள். அந்த அம்மாவின் கொண்டை அவிழ்ந்து தோளில் கிடந்தது. பாக்கியம் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கீழ் லயத்து ஆட்கள் என்று நினைத்து, வரிசையில் இடம் காட்டி உட்கார வைத்து, தட்டைக் கையில் கொடுத்துச் சோற்றை வைத்துக் கோழிக்கறியையும் ஊற்றிவிட்டாள்.

நான் மூலையில் ஒரு வாங்குப் பலகைக்குப் பின்னால் இருந்தேன். அந்த இளந்தாரியின் முகத்தைச் சுகந்தி போனில் காட்டியிருக்கிறாள். ரவிதான். அப்படியென்றால் பக்கத்தில் இருப்பது அவன் அம்மா. அந்த அம்மாவின் கை சோற்றை நோக்கிப் போகிறது.

எழுந்து சொல்லவேண்டும். 'அம்மா, கை வைக்காதீங்க, இது நீங்க பொண்ணு பாக்க வந்த வீட்டுச் சோறு' என்று சொல்லவேண்டும். வாய் வரவில்லை. காலையில் கத்தியதோடு எல்லாம் தீர்ந்துபோய்விட்டது. அந்த அம்மா பயத்தில், பசியில், எதையும் பார்க்காமல் பிசைந்து ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார். நான் சுளகைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பாறைமேல் நின்று போன் பேசிவிட்டுத் தலைவர் உள்ளே வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ஜி.எஸ். ஐயாகிட்ட பேசிட்டேன். இன்னைக்கு எந்த எச்சரிக்கையும் இல்லையாம். டீவியிலயும் போடலயாம். அது போன வாரத்துதாம்" என்றார்.

எல்லாத் தலையும் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தது. மடியில் வயரோடு பெட்டியை வைத்துக்கொண்டிருந்த அவர் என்னைப் பார்த்தார். அதன்பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பாக்கியம் அந்த அம்மாவிடம் குனிந்து, "நீங்க எந்த லயம்மா? பாத்த மாதிரி இல்லையே" என்றாள்.

"நாங்க மடுல்சீமை. பொண்ணு பாக்க வந்தோம்" என்றார் அவர்.

பாக்கியம் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச்சில்லாமல் நின்றாள். ரவியின் அப்பா தன் தட்டைப் பார்த்தார், மனைவியின் தட்டைப் பார்த்தார். "கை நனைச்சுட்டமே" என்று மெதுவாகச் சொன்னார். அந்த அம்மா சோறு ஒட்டிய தன் விரல்களை, வேறு யாருடைய விரலையோ பார்க்கிற மாதிரி தூக்கிப் பார்த்தார். சுகந்தி கதவோரத்தில் பட்டுச்சேலை முழங்காலில் இருப்பது தெரியாமல் நின்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"யாரு மல வருதுன்னு சத்தம் போட்டது?" என்று அந்த அம்மா கேட்டார். குரலில் ஈரம் இல்லை.

ஒருவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பாக்கியம்கூட வாளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நானே எழுந்தேன். வாங்கு சரிந்து விழுந்தது. பூண்டு தரையெல்லாம் ஓடியது.

"நாந்தாங்க" என்றேன். "பொண்ணோட அம்மா. நான் மூணாவது வரைக்கும்தான் படிச்சேன். டீவியில ஓடுற எழுத்த என்னால புடிக்க முடியாது. இந்தப் பெட்டி நிறுத்திக் குடுக்கும். நிறுத்தி வச்சு ஒவ்வொண்ணாப் படிப்பேன். பழைய எழுத்தையும் சேத்துப் புடிச்சு வச்சிருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. மல வருதுன்னு நெசமா பயந்துட்டேன். எம் மக மேல ஒரு குத்தமும் இல்ல. அவளுக்கு நல்லாப் படிக்கத் தெரியும்."

அவ்வளவு நீளமாக நான் அதற்கு முன்னால் பேசியதில்லை. என் படிப்பு எவ்வளவு என்று லயத்தில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், நான் எழுத்தை நிறுத்திப் படிக்கிறேன் என்று எங்கள் வீட்டுக்காரருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த அம்மா எங்கள் வீட்டுக்காரர் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு, கோபமில்லாத வேறொரு குரலில் கேட்டார்.

"எழுத்து நிக்குமா?"

"நிக்கும்ங்க."

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"நம்ம படிச்சு முடிக்கிற வரைக்கும் நிக்கும்ங்க. அவசரப்படுத்தாது."

அவர் புருசனைப் பார்க்கவில்லை, மகனைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தார். அவிழ்ந்த கொண்டையை இடது கையால் தூக்கிப் பின்னால் போட்டார். பிறகு தட்டைப் பாக்கியத்தின் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் சோறு வைங்க. கறியும்" என்றார்.

முதல் தடவை கை நனைத்தது தெரியாமல். இது தெரிந்தே. அதற்கு மேல் யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவேண்டியிருக்கவில்லை. பாக்கியத்துக்கு உடனே குரல் திரும்பி வந்துவிட்டது. சுகந்தி அப்போதுதான் குனிந்து பார்த்து, சேலையைக் கீழே இழுத்துவிட்டாள். யாரோ ஓடிப்போய் லயத்திலிருந்த வெற்றிலைத் தட்டை எடுத்து வந்தார்கள். டீச்சர் மேசையைத் துடைத்துவிட்டு, கரும்பலகைக்கு முன்னால் வைத்துத் தட்டு மாற்றினோம். கரும்பலகையில் யாரோ எழுதிய பெருக்கல் வாய்ப்பாடு அழிக்காமல் இருந்தது. பாயாசம் எல்லோருக்கும் போதவில்லை, ஓடி வந்ததில் பாதி சுகந்தியின் சேலையில் இருந்தது.

கல்யாணம் முடிந்து நான் மடுல்சீமைக்குப் போனபோது, அங்கேயும் ஒரு பெட்டி வந்திருந்தது. சம்பந்தியம்மா ஆண்கள் வெளியே போகும்வரை காத்திருந்து, கதவைச் சாத்திவிட்டு, ரிமோட்டை என் மடியில் வைத்தார். "அந்த ரெண்டு கோடு எது?" என்று கேட்டார். அவர் எத்தனையாம் வகுப்பு என்று நான் கேட்கவில்லை. அன்று சாயந்தரம் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் டீவிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, விரலை வைத்து, ஒரு அமைச்சர் எங்கேயோ மரம் நட்டதைப் படித்தோம். எங்கள் இரண்டு பேருக்கும் வேர்த்துவிட்டது.

எழுத்தும் சேர்ந்துதான் பதிகிறது என்பது இப்போது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? நான் வாயைத் திறந்தாலே கேட்கிறார்கள். பள்ளிக்கூடப் பாறையில் நின்று சேகரிடம் போனில் தலைவலி என்றால், "அம்மா, இது இன்னைக்கு உள்ளதா, புடிச்சு வச்சதா?" என்கிறான். மடுல்சீமையிலிருந்து சம்பந்தியம்மா, "சம்மந்தி, மழ பேயுதுன்னீங்களே, எந்த வாரத்து மழ?" என்று கேட்கிறார். அடுத்த ஐப்பசியில் நிஜமாகவே எச்சரிக்கை வந்து கிராம சேவகர் வாசலில் நின்றபோது, பாக்கியம் அவரிடமும் அதையே கேட்டாள். கேட்டுக்கொண்டேதான் சோற்றுக் குண்டானைத் தூக்கித் தலையில் வைத்தாள்.

எங்கள் வீட்டுக்காரர்தான் மோசம். சாப்பிட உட்கார்ந்ததும் தட்டைப் பார்த்து, யாராவது விருந்தாளி இருந்தால் கட்டாயம் அவர்களுக்கும் கேட்கும்படி, "ஏய், இது இன்னைக்கு ஆக்குனதா, புடிச்சு வச்சதா?" என்பார்.

நான் பதில் சொல்வதில்லை. மறுநாள் அவருக்குப் பழைய சோறுதான்.